இடம் மாறும் ரசிகர் கூட்டமும் வழியில் விடுபடுகிறவர்களும்

"முன்ன மாதிரி இப்ப இல்ல." கல்லூரி மாணவர்களிடம் பேசும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பேச்சு தேர்தலைப் பற்றியோ இயக்கங்களைப் பற்றியோ அல்ல. பி.டி.எஸ். இசைக்குழு, ஜப்பானிய அனிமே, ஹாரி பாட்டர் கதைகள், நம்மூர் நடிகர்கள் என்று ஏதாவது ஒன்றுக்கு ரசிகராகி இணையத்தில் இரவு பகலாக இயங்கியவர்கள் சொல்வது. குழு இருக்கிறது, ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் பேச்சு இல்லை. எல்லோரும் வேறொரு தளத்துக்குப் போய்விட்டார்கள், அங்கே போய்ப் பார்த்தால் பழைய முகங்களில் பாதியைக் காணோம்.

இதைக் கேட்கும் பெரியவர்கள் "வயசாயிடுச்சு, பொறுப்பு வந்துடுச்சு, நல்லதுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். நம் தோழர்களில் சிலரோ, "ரசிகர் கூத்தெல்லாம் ஒழிந்தால் சமூகத்துக்கு லாபம்தானே" என்கிறார்கள். இரண்டு பதிலிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கூட்டத்தின் உற்சாகம் வடிவதைத் தனி மனிதர்களின் மனநிலையாக மட்டும் பார்த்தால், அந்தக் கூட்டம் நின்ற தரையை யார் உருவினார்கள் என்ற கேள்வி மறைந்துபோகும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரசிகராக இருப்பது வேடிக்கை பார்ப்பது மட்டுமல்ல. கொரிய மொழிப் பேட்டிக்கு இரவோடு இரவாக ஆங்கிலத் துணைவரி போடுவது, புதிதாக வருகிறவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது, சண்டை வந்தால் விலக்கிவிடுவது, யாராவது மனம் உடைந்து எழுதினால் பதில் போடுவது, பழைய பதிவுகளை வகைபிரித்து வைப்பது, நிதி திரட்டுவது எல்லாமே அதில் அடங்கும். இதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. 2020 ஜூன் மாதத்தில் கறுப்பின மக்களின் உயிருக்கான போராட்டத்துக்கு பி.டி.எஸ். குழுவும் அவர்களது நிறுவனமும் 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதற்கு ஈடான தொகையைத் திரட்டினார்கள். ஒரே நாளில் பணம் சேர்ந்தது, ஆனால் அதைச் சேர்த்த வலைப்பின்னல் ஒரே நாளில் உருவானதல்ல. பல ஆண்டுகள் ஒருவரையொருவர் நம்பிப் பழகியதன் விளைவு அது. அமைப்பு கட்டும் எவருக்கும் இந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும்.

அந்த உழைப்புதான் ஒவ்வொரு இடமாற்றத்திலும் நொறுங்குகிறது.

ஒரே நாளில் கோடு விழுந்த பெயர்கள்

இணைய ரசிகர் வரலாற்றில் லைவ்ஜர்னலின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் 2000-களின் முற்பகுதியில் ஆங்கிலத்தில் எழுதும் ரசிகர்கள் குவிந்தார்கள். அதன் அமைப்பு உரையாடலுக்கு ஏற்றதாக இருந்தது. ஒரு பதிவின் கீழே பின்னூட்டத்துக்குப் பின்னூட்டம் என்று கிளை விட்டுக்கொண்டே போகலாம். நண்பர்கள் மட்டும் படிக்கும்படி பதிவைப் பூட்டி வைக்கலாம். குழுமம் தொடங்கி, அதற்கு விதி எழுதி, மட்டுறுத்துநர்களை வைக்கலாம். வெளியே சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு மூடிய அறையும், ஊரைக் கூட்டிப் பேச ஒரு திண்ணையும் ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கே எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பால்புதுமையினரும் கணிசமாக இருந்தார்கள்.

2007 மே மாத இறுதியில், வெளியிலிருந்து வந்த ஒரு குழுவின் நெருக்குதலுக்குப் பணிந்து, ஏறத்தாழ 500 கணக்குகளை நிர்வாகம் ஒரேயடியாக முடக்கியது. முடக்கப்பட்ட கணக்கின் பெயர் மீது குறுக்குக் கோடு விழும் என்பதால், ரசிகர்கள் அந்த நிகழ்வை 'ஸ்ட்ரைக்த்ரூ' என்றே அழைக்கிறார்கள். சிறார்களைப் பாதுகாக்கிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்குகளின் விருப்பப் பட்டியலில் இருந்த சொற்களைப் பார்த்து முடக்கினார்கள். அதில் ஹாரி பாட்டர் புனைவுக் குழுமங்கள் போயின. நபகோவின் 'லோலிடா' நாவலை விவாதித்த குழுமமும் போனது. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக நடத்திய குழுமங்களும் போயின. குற்றத்தைச் செய்தவருக்கும் அதைப் பற்றிப் பேசியவருக்கும் அதற்கு ஆளானவருக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு வடிகட்டி அது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது, பல கணக்குகளைத் திருப்பியும் கொடுத்தது. ஆனால் நம்பிக்கை திரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தளம் ஒரு ரஷ்ய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே எழுதிய யாரையும் யாரும் கேட்கவில்லை.

கூட்டம் மெல்ல மெல்ல டம்ப்ளருக்கு நகர்ந்தது. அங்கே நிலம் வேறு மாதிரி. படங்கள், நகரும் படங்கள், மறுபகிர்வு என்று எல்லாம் வேகம். ஆனால் கிளை விடும் பின்னூட்டமும் இல்லை, பூட்டிய அறையும் இல்லை. நண்பருக்குச் சொன்னது நாளை ஆயிரம் பேர் பகிர்ந்த சண்டையாகிவிடும். ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். லைவ்ஜர்னலின் பழைய பெருந்தலைகளைத் தெரியாத இளைஞர்களும் வெள்ளையர் அல்லாத ரசிகர்களும் டம்ப்ளரில் தயக்கமில்லாமல் பேசினார்கள். இனம், பாலினம், உடல் ஊனம் பற்றி அங்கே நடந்த விவாதங்களில் அரசியல் படித்தவர்கள் ஏராளம். ஆகவே இடம் மாறுவது எப்போதும் இழப்புதான் என்று ஒப்பாரி வைக்க முடியாது. சில வீடுகளை விட்டு வெளியேறினால்தான் மூச்சு விட முடியும்.

2018 டிசம்பர் 17-ல் டம்ப்ளரிலும் அதே கதை. வயதுவந்தோருக்கான உள்ளடக்கம் அனைத்தையும் தடை செய்து, தானியங்கி வடிகட்டியை ஓடவிட்டார்கள். அது சம்பந்தமே இல்லாத ஓவியங்களையும் படங்களையும் சேர்த்துப் பிடித்தது. 2013-ல் 110 கோடி டாலருக்கு யாஹூ வாங்கிய அந்தத் தளம், 2019-ல் 30 லட்சம் டாலருக்கும் குறைவான விலைக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே இருந்தது என்ன? இயந்திரங்கள் அப்படியே இருந்தன. போனது மனிதர்கள். விலை இருந்தது அவர்களுடைய கூட்டத்துக்குத்தான்.

வெளியேற யாருக்கு முடியும்?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதிய ஒரு நூல் சமூகவியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது. ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது அதிலிருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர். ஒன்று, வெளியேறுவது. மற்றொன்று, உள்ளேயே நின்று குரல் கொடுப்பது. எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் அந்த அமைப்பின் மீதுள்ள பற்றுக்கும் பங்கு உண்டு. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: சீரழிவை முதலில் உணர்ந்து, உரக்கக் கேள்வி கேட்கக்கூடியவர்கள்தான் பெரும்பாலும் முதலில் வெளியேறவும் செய்கிறார்கள். அவர்கள் போனதும் உள்ளே குரல் குறைகிறது. குரல் குறைந்த இடம் இன்னும் வேகமாகக் கெடுகிறது.

இதை ரசிகர் கூட்டத்தின் மீது வைத்துப் பாருங்கள். முதலில் கிளம்புவது யார்? புதிய தளத்தில் ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவர்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள். நல்ல போன், நல்ல இணைப்பு, நேரம் உள்ளவர்கள். கடைசிவரை நிற்பது யார்? அந்தக் குழுமமே ஒரே துணையாக இருந்தவர்கள். அவர்கள் காலியான அறையில் சில மாதம் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். அதைத்தான் நாம் 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று எழுதிவைக்கிறோம்.

யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதுகூட அவர்கள் காணாமல் போன பிறகுதான் தெரிகிறது. 2024 ஆகஸ்ட் 30-ல் பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி எக்ஸ் தளத்துக்குத் தடை விதித்தார். அமெரிக்கப் பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும் ஆங்கிலத்தில் நடந்துவந்த ரசிகர் கணக்குகள் பல, அன்றைக்கு ஒவ்வொன்றாக விடைபெற்றன. அவற்றை நடத்தியவர்கள் பிரேசில்காரர்கள் என்பது பின்தொடர்ந்த பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அக்டோபர் 8-ல் தடை நீங்கியது. அதற்குள் பெருங்கூட்டம் புளூஸ்கைக்குப் போயிருந்தது. நட்சத்திரத்தின் புகழ் ஒரு நாட்டில், அந்தப் புகழைத் தினமும் துடைத்து மெருகேற்றும் கைகள் இன்னொரு நாட்டில். கைகளின் பெயர் எங்கேயும் வருவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஜூன் 29-ல் ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அப்போது இந்தியாவில் டிக்டாக்குக்குச் சுமார் 20 கோடிப் பயனர்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. சினிமா வசனத்துக்கு வாயசைப்பதும், பாட்டுக்கு ஆடுவதும், காமெடிக் காட்சியை நடித்துப் பார்ப்பதும் ரசிகர் கலையின் மிகப் பழைய வடிவங்கள். டிக்டாக் அதை வயலுக்கும் செங்கல் சூளைக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் கொண்டுவந்தது. எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலம் வேண்டியதில்லை. பின்னால் தெரியும் ஓலைக் கூரையை மறைக்க வேண்டியதும் இல்லை. சாதிப் பெருமை பேசும் வீடியோக்களும் அங்கேதான் குவிந்தன, அவற்றால் ஊர்களில் பதற்றம் வந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் தடைக்கான காரணம் அதுவல்ல. எல்லைப் பதற்றத்தின் நடுவே, நாட்டின் பாதுகாப்பைச் சொல்லித் தடை வந்தது.

தடை வந்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்துவிட்டது. 'எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்' என்பதுதான் பொதுவான பேச்சு. எல்லோரும் போகவில்லை. இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே ஒரு நடுத்தர வர்க்க அழகியல் நிலைகொண்டிருந்தது: நல்ல வெளிச்சம், சுத்தமான சுவர், காபிக் கோப்பை. அங்கே முன்பே பின்தொடர்பவர்கள் உள்ளவர்களுக்கு மேலும் கூடினார்கள். டிக்டாக்கில் மட்டும் முகம் தெரிந்த எத்தனையோ அக்காக்களும் தம்பிகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சிலர் தொடங்கினார்கள். பலர் போனை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து 'ஆர்வம் போய்விட்டது' என்று சொல்வோமா?

வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள்

இன்னொரு வகை இடமாற்றமும் இருக்கிறது. ரசிகர்கள் தாமாகப் போவதில்லை, நட்சத்திரத்தின் நிறுவனமே ஒரு வீட்டைக் கட்டி உள்ளே அழைக்கிறது. 2015-ல் நேவர் நிறுவனம் தொடங்கிய வி லைவ் தளத்தில் கொரியக் கலைஞர்கள் நேரலையில் பேசினார்கள். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் தத்தம் மொழிகளில் அதற்குத் துணைவரி எழுதினார்கள். பி.டி.எஸ். குழுவின் நிறுவனம் 2019-ல் வீவர்ஸ் என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கியது. வி லைவும் அதன் கைக்குப் போய், 2022 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. இன்று உறுப்பினர் சீட்டு, பொருள் விற்பனை, நேரலை, ரசிகர் பேச்சு எல்லாம் ஒரே கூரையின் கீழ். வசதிதான். ஆனால் அங்கே ரசிகர் என்பவர் முதலில் வாடிக்கையாளர். நிறுவனத்தின் முடிவு ஒன்றை எதிர்த்துக் கூட்டம் கூட வேண்டுமென்றால், அந்த நிறுவனத்தின் கூடத்திலேயே கூட முடியுமா? முதலாளி கட்டிய அரங்கத்தில் தொழிற்சங்கக் கூட்டம் நடத்த அனுமதி கேட்பது போலத்தான்.

இதற்கு நடுவே, நிறைய கூட்டங்கள் டிஸ்கார்ட், வாட்ஸ்அப், டெலிகிராம் என்று மூடிய குழுக்களுக்குள் போய்விட்டன. வசவாளர்களிடமிருந்து தப்பிக்க அது அவசியமாகவும் இருக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் மூடிய கதவுக்கு ஒரு விலை உண்டு. தேடுபொறிக்கு அங்கே நடப்பது தெரியாது. யாரையும் தெரியாத ஒரு பதினைந்து வயதுப் பெண், தற்செயலாக வந்து, ஓரமாக நின்று படித்து, மெல்லப் பேசத் தொடங்கும் வழி அடைபடுகிறது. அழைப்பு உள்ளவர்கள் மட்டும் வரும் இடத்தில், அழைப்பு யாருக்குப் போகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொந்த வீடு கட்டியவர்கள்

லைவ்ஜர்னலில் அடிபட்ட ரசிகர்கள் அழுதுவிட்டுப் போகவில்லை. 2007-லேயே லாப நோக்கமற்ற ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 2009 நவம்பரில் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணக் களத்தைப் பொதுவில் திறந்தார்கள். நம்முடையதே ஆன ஆவணம் என்று பொருள். விளம்பரம் கிடையாது. செலவு நன்கொடையில் நடக்கிறது, வேலையைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாத பெண்கள் அதற்காகவே நிரல் கற்றுக்கொண்டு வேலை செய்தார்கள். மூடப்படும் நிலையிலிருந்த சிறிய பழைய தளங்களின் கதைகளையும் அங்கே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருக்கின்றன. 2019-ல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருதும் அதற்குக் கிடைத்தது.

இதை ஆர்குட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2000-களில் நம்மூர் ரசிகர்கள் பலருக்கு முதல் இணையத் திண்ணை அதுதான். 2014 செப்டம்பர் 30-ல் கூகுள் அதை மூடியது. பொதுக் குழுமங்களின் பதிவுகளைச் சில ஆண்டுகள் ஆவணமாக வைத்திருந்து, பிறகு அதையும் எடுத்துவிட்டது. எந்த நடிகருக்காக யார் சண்டை போட்டார்கள் என்பது போனால் போகட்டும். ஒரு தலைமுறை இணையத்தில் தமிழில் பேசப் பழகிய தடமும் அதோடு போய்விட்டது.

ஆனால் தோழர்களே, சொந்த வீடு கட்டியதோடு கதை முடியவில்லை. அந்த வீட்டில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்ற கேள்வி உடனே வரும். 2009-ன் முதல் சில மாதங்களில் லைவ்ஜர்னலிலும் அதைச் சுற்றிய தளங்களிலும் அறிவியல் புனைவு ரசிகர்களிடையே இனவெறி பற்றி ஒரு பெரும் விவாதம் வெடித்தது. 'ரேஸ்ஃபெயில்' என்று அதைச் சொல்வார்கள். வெள்ளையர் அல்லாத ரசிகர்கள், கதைகளில் தங்களைக் காட்டும் விதத்தைக் கேள்வி கேட்டார்கள். "தொனி சரியில்லை", "ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள்", "இது கதைதானே" என்ற பதில்கள் வந்தன. இந்த வாக்கியங்கள் நமக்குப் புதியவையா என்ன? 2020 ஜூனில் அந்த ஆவணக் களத்தை நடத்தும் அமைப்பு இனவெறிக்கு எதிராகச் செயல்படுவதாக வாக்குறுதி தந்தது. அது போதிய அளவு நிறைவேறவில்லை என்று 2023 மே மாதத்தில் ரசிகர்களே மீண்டும் பரப்புரை நடத்தினார்கள்.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். அந்தப் பரப்புரையை நடத்தியவர்களுக்கு எழுதிக் கேட்க ஓர் அமைப்பு இருந்தது. தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகக் குழு இருந்தது. பழைய வாக்குறுதியை எடுத்துக்காட்ட ஆவணம் இருந்தது. லைவ்ஜர்னலிலும் டம்ப்ளரிலும் தடைபட்டவர்களுக்கு இது எதுவும் இல்லை. சொந்த இடம் நியாயமாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் அநியாயத்தை எதிர்த்து நிற்க அங்கே ஒரு தரை உண்டு. வாடகை இடத்தில் அதுவும் இல்லை.

நாளைக்கு மூடினால்?

எல்லா ஆர்வமும் காப்பாற்றப்பட வேண்டியதல்ல. ஒரு பாடகரைப் பதினாறு வயதில் நேசித்ததுபோல இருபத்தாறு வயதில் நேசிக்க முடியாமல் போவது இயல்பு. அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். நான் சொல்வது அதுவல்ல. தன் விருப்பத்தோடு விலகுவது வேறு, காலுக்குக் கீழே தரை உருவப்பட்டு, மூன்றாவது முறை, நான்காவது முறை புதிதாகத் தொடங்கச் சொல்லப்பட்டு, கை ஓய்ந்து உட்காருவது வேறு. மீண்டும் அறிமுகம், மீண்டும் விதி எழுதுவது, மீண்டும் நம்பிக்கை சம்பாதிப்பது: இந்த வேலை ஒவ்வொரு முறையும் சிலர் தலையில்தான் விழுகிறது.

ரசிகர் குழு நடத்தினாலும் சரி, வாசகர் வட்டமோ மாணவர் அமைப்போ நடத்தினாலும் சரி, இன்று இரவே நான்கு காரியம் செய்யலாம். முதலாவது, குழுவின் முக்கியமான பதிவுகளைப் பதிவிறக்கி, இரண்டு பேரிடமாவது தனித்தனியாக வையுங்கள். இரண்டாவது, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தளத்துக்கு வெளியே தொடர்புகொள்ள ஒரு வழி, அவரவர் சம்மதத்தோடு, இருக்கட்டும். மூன்றாவது, குழுவின் விதிகளையும் அவை ஏன் வந்தன என்ற காரணத்தையும் எழுதிவையுங்கள். அட்மின் மாறினாலும் அது மாறாமல் இருக்கும். நான்காவது, இடம் மாற முடிவெடுத்தால், "எல்லோரும் வாங்க" என்று இணைப்பைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். ஒரு மாதம் இரண்டு கதவையும் திறந்து வையுங்கள். யார் வரவில்லை என்று பட்டியல் பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். போனில் இடமில்லாததால் செயலியை ஏற்ற முடியாதவர் இருப்பார். ஆங்கிலத்தில் கணக்குத் தொடங்கத் தெரியாமல் கூச்சத்தில் நிற்பவர் இருப்பார். அண்ணனோடு ஒரே போனைப் பகிர்ந்துகொள்ளும் தங்கை இருப்பார்.

அவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அவர்களை யாரும் கூப்பிடவில்லை.